பத்தொன்பது மாடி

சர்வேயர் கதவைத் தட்டியபோது பல்லுக்காரர் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார். தூரிகையின் நுனியில் ஈரமான பீங்கான் மாவு, கடுகளவுகூட இருக்காது. அதை ஒரு முன்பல்லின் விளிம்பில் வைக்க வேண்டும். அந்தப் பல் யாரோ ஒரு பெண்ணுடையது. படியில் விழுந்து உடைத்துக்கொண்டாளாம். மருத்துவர் அனுப்பிய அச்சும், பக்கத்துப் பல்லின் நிறம் எழுதிய சீட்டும்தான் அவரிடம் இருந்தன. அவளை அவர் பார்த்ததில்லை, பார்க்கப் போவதுமில்லை. ஆனால் அவள் இனி சிரிக்கும்போதெல்லாம் தெரியப்போவது அவர் வைத்த பல். அதனால் கதவு இன்னும் இரண்டு முறை தட்டப்படும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.

பல் மருத்துவர்கள் கேட்கும் பல்லைச் செய்து கொடுப்பது அவர் தொழில். முப்பது வருடமாக வீட்டின் முன்னறையில்தான் பட்டறை. தெருவில் யாருக்கும் அந்தத் தொழிலின் பெயர் வாயில் நுழையாததால் பல்லுக்காரர் ஆகிவிட்டார். அவர் அந்த வீட்டை வாங்கியதே முன்னறையின் வடக்கு ஜன்னலுக்காக. வடக்கு வெளிச்சம் மாறாது. சூரியன் எங்கே போனாலும் அது வெறும் வானத்தின் வெளிச்சம். டியூப் லைட்டில் பார்த்தால் எல்லாப் பல்லும் ஒரே பல். காலை பத்திலிருந்து ஒன்றுவரை அந்த ஜன்னலருகே வைத்துப் பார்த்தால்தான் ஒரு பல்லின் வெள்ளையில் எவ்வளவு மஞ்சள், எவ்வளவு சாம்பல் என்று கண்ணுக்குத் தெரியும். ஜன்னலுக்கு வெளியே ஒரு மதில். மதிலுக்கு அப்பால் மூடிக்கிடந்த ஐஸ் ஃபேக்டரி. அதற்கு மேல் வானம்.

"ஐஸ் ஃபேக்டரிய இடிக்கப் போறாங்க சார்" என்றார் சர்வேயர், செருப்பைக் கழற்றாமலே. ஓய்வு பெற்று ஏழு வருடம் ஆகியும் நில அளவைத் துறையின் விறைப்பு அவர் முதுகைவிட்டுப் போகவில்லை. "இருபத்திநாலு மாடி. கணக்குப் போட்டுப் பாத்துட்டேன். நம்ம தெருவுல தண்ணி வராது, சாக்கடை தாங்காது, வண்டி நிறுத்த எடம் இருக்காது. கண்டவங்களும் வந்து குடியேறிடுவாங்க. மனு எழுதியிருக்கேன். மொதக் கையெழுத்து உங்களோடதுதான்."

"என்னோடது எதுக்கு மொதல்ல?"

"எங்களுக்கெல்லாம் தொந்தரவுதான் சார். உங்களுக்கு மட்டும்தான் நஷ்டம்."

சர்வேயர் ஜன்னலைக் கைகாட்டினார். பல்லுக்காரர் அந்தப் பக்கம் திரும்பி, வானம் இருந்த இடத்தில் இருபத்துநாலு மாடிகளை ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்தார். எட்டாவதிலேயே ஜன்னல் நிறைந்துவிட்டது. கையைத் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பத்து நாள் கழித்து இன்னொரு கையெழுத்தும் போட்டார். அச்சுக்குச் சாந்து குழைத்துக்கொண்டிருந்த நேரம். சாந்து இறுகுவதற்கு மூன்று நிமிடம்தான். மனைவி ஒரு தாளை நீட்டி, "இவ உங்க பொண்ணு, கல்யாணம் வரைக்கும் இந்த வீட்லதான் இருந்தான்னு ஒரு கையெழுத்து வேணுமாம்" என்றாள்.

"எதுக்கு?"

"எதுக்கோ கேக்கறா. உங்க பொண்ணு இல்லேன்னு சொல்லப் போறீங்களா?"

இடது கையால் கிண்ணத்தைச் சுழற்றியபடியே வலது கையால் போட்டார். தாளின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கட்டைவிரல் பதிந்தது. எதற்கென்று அவர் மறுபடி கேட்கவில்லை. மனைவியும் சொல்லவில்லை. முப்பத்திரண்டு வருட வாழ்க்கையில் எதைக் கேட்காமல் விடுவது என்பதில் இருவருக்கும் நல்ல பழக்கம் இருந்தது.

நகராட்சி மன்றத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் ஒரு புதன்கிழமை பதினோரு மணிக்கு. ஆளுக்கு மூன்று நிமிடம், டோக்கன் வரிசைப்படி. தெருவே திரண்டு வந்திருந்தது. மருந்துக்கடை அம்மா கடையை அடைத்துவிட்டு வந்திருந்தார். சர்வேயர் எல்லோருக்கும் பேசவேண்டியதைப் பிரித்துக் கொடுத்திருந்தார்: ஒருவருக்குத் தண்ணீர், ஒருவருக்குச் சாக்கடை, ஒருவருக்குத் தீயணைப்பு வண்டி. பல்லுக்காரருக்கு வெளிச்சம். மூன்று நாளாக அவர் எழுதித் திருத்திய தாள் சட்டைப் பையில் இருந்தது. பதினைந்தாம் டோக்கன்.

பதினான்காம் எண்ணைக் கூப்பிட்டபோது பின்வரிசையிலிருந்து எழுந்து வந்தது அவருடைய மகள்.

ரயில் நிலையத்து டிக்கெட் கவுன்ட்டரின் நீலச் சீருடையில் இருந்தாள். பாதி நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருக்க வேண்டும். அப்பாவைப் பார்த்தாள், அப்படியே மைக்கைப் பார்த்தாள். தெருக்காரர்கள் சிலர் சிரித்தார்கள், நம்ம பொண்ணு என்று.

"நான் இந்தத் தெருவுலதான் வளந்தேன்" என்று தொடங்கினாள். "இங்க உக்காந்திருக்கற பாதிப் பேரு என்னைத் தூக்கிட்டுத் திரிஞ்சவங்க. கல்யாணமாகி ஆறு வருஷம் ஆச்சு. நாலு வீடு மாறிட்டேன். இப்ப இருக்கறது ஒத்த ரூம். அதுல நாங்க ரெண்டு பேர், ரெண்டு புள்ளைங்க, மாமனார். என் பெரிய பொண்ணு மாடிப்படியில உக்காந்துதான் வீட்டுப்பாடம் எழுதறா. இந்தக் கட்டடத்துல அஞ்சு மாடி எங்கள மாதிரி ஆளுங்களுக்குக் குறைஞ்ச விலைல ஒதுக்கியிருக்காங்க. இந்தப் பகுதியில முன்னாடி இருந்தவங்களுக்கு முன்னுரிமை. குலுக்கல்ல என் பேர் வந்திருக்கு." கொஞ்சம் நிறுத்தினாள். "கண்டவங்க வந்துடுவாங்கன்னு மனுவுல எழுதியிருக்கீங்க. அந்தக் கண்டவங்கள்ல நானும் ஒருத்தி."

இன்னும் ஒன்றரை நிமிடம் பாக்கியிருந்தது. அவள் போய் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்தது பல்லுக்காரர். பெயர் கூப்பிட்டார்கள். கால் தன்பாட்டில் நடந்து மைக்குக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது. தாளை எடுத்தார். எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே படித்தார். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. பீங்கான், வடக்கு ஜன்னல், வானத்தின் வெளிச்சம். கண்ணாடி அணிந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வடக்குப் பக்கம் கட்டடம் வந்தா உங்க வீட்ல நிழல் விழாதுங்களே?" என்றார்.

"நிழல் இல்லீங்க. வெளிச்சத்தோட நிறம் மாறும்."

"நிறமா?"

"எதிர்ல செவுரு என்ன நிறமோ அது பல்லுல தெரியும்."

அதிகாரி எதையோ குறித்துக்கொண்டார். நிறம் என்று எழுதினாரா, ஒன்றுமில்லை என்று எழுதினாரா தெரியவில்லை. பிறகு கோப்பைப் புரட்டி இரண்டு தாள்களை உருவி மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "ஒரே விலாசமா இருக்கேன்னு பாத்தேன். எதிர்ப்பு மனுவுல மொதக் கையெழுத்து உங்களுது. இந்த ஒதுக்கீட்டு விண்ணப்பத்துல அத்தாட்சிக் கையெழுத்தும் உங்களுதா?"

இரண்டாவது தாளின் ஓரத்தில் வெள்ளைக் கட்டைவிரல் இருந்தது.

"ஆமாங்க."

"ரெண்டும் நீங்கதானா?"

"ரெண்டும் நான்தான்."

மன்றத்தில் சிரிப்பு எழுந்தது. பொல்லாத சிரிப்பு இல்லை; நெடுநேரம் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கிடைத்த சின்ன இளைப்பாறல். சர்வேயர் மட்டும் சிரிக்கவில்லை. மகளும் சிரிக்கவில்லை. அவள் மடியில் இருந்த பையின் வாரைச் சுற்றிச் சுற்றி விரலில் முறுக்கிக்கொண்டிருந்தாள். ஐந்து வயதில் பள்ளிக்கூட வாசலிலும் அப்படித்தான் முறுக்குவாள்.

வெளியே படிகளில் சர்வேயர் அவரைப் பிடித்துக்கொண்டார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார். வேற யாரையாவது பேச விட்டிருப்பேன்." அவர் பதில் சொல்வதற்குள் சர்வேயர் இறங்கிப் போய்விட்டார்.

பேருந்து நிறுத்தத்தில் மகள் நின்றிருந்தாள். அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"நீ வர்றேன்னு சொல்லலையே" என்றார்.

"நீங்க எதிர்க்கறீங்கன்னு நீங்க சொன்னீங்களாப்பா?"

"உனக்கு அங்கதான் விழுந்திருக்குன்னு எனக்குத் தெரியாதும்மா."

"தெரிஞ்சிருந்தா?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். தெரிந்திருந்தால் அந்த மனுவில் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார். போடாமல் இருந்திருந்தால் எட்டாவது மாடி எழும்பும் நாளில் வெறும் கையோடு ஜன்னலருகே உட்கார்ந்திருப்பார். பேருந்து வந்தது. அவள் ஏறினாள், கூட்டத்துக்குள் நீலச் சீருடை மறைந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்ததா என்று அவர் பேருந்தோடு நாலடி நடந்து பார்த்தார். தெரியவில்லை.

அன்று மாலை மனைவியிடம், "உனக்குத் தெரியும், இல்ல?" என்று கேட்டார்.

"தெரியும்."

"சொல்லியிருக்கலாம்."

"சொன்னா நீங்க என்ன பண்ணியிருப்பீங்க? ரெண்டு பக்கமும் மென்னு முழுங்கிட்டு உக்காந்திருப்பீங்க. இப்ப உக்காந்திருக்கற மாதிரியே."

நான்கு மாதம் கழித்து உத்தரவு வந்தது. சர்வேயர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் வீடு வீடாகப் போனார். கூட்டத்துக்குப் பிறகு முதல்முறையாகப் பல்லுக்காரர் வீட்டுக் கதவையும் தட்டினார். பழைய கசப்பெல்லாம் சந்தோஷத்தில் கரைந்துபோயிருந்தது. "அஞ்சு மாடியக் கொறைச்சுட்டாங்க சார்! இருபத்திநாலு கேட்டான், பத்தொன்பதுதான் குடுத்திருக்காங்க. ஒண்ணுமே நடக்காதுன்னு சொன்னாங்களே, இப்ப என்ன சொல்வாங்க?" ஒரு நகலைக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

பல்லுக்காரருக்கு எட்டும் ஒன்றுதான், பத்தொன்பதும் ஒன்றுதான், இருபத்துநாலும் ஒன்றுதான். மனைவிதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று பக்கத்தையும் படித்தாள். மூன்றாவது பக்கத்தை இரண்டு முறை படித்தாள்.

"இவங்க வெட்டுன அஞ்சு மாடி எதுன்னு பாத்தீங்களா?"

குறைந்த விலை வீடுகளைக் கட்டித் தருவதால்தான் அந்தக் கம்பெனிக்குக் கூடுதல் உயரம் அனுமதிக்கப்பட்டிருந்தது. அப்பகுதி மக்களின் ஆட்சேபணையை ஏற்றுக் கூடுதல் உயரம் ரத்து செய்யப்படுகிறது. ஆகவே குறைந்த விலை வீடுகளுக்கான நிபந்தனையும் ரத்தாகிறது. குலுக்கலில் தேர்வானவர்கள் அடுத்த திட்டம் வரும்போது விண்ணப்பிக்கலாம். ஒரு பிழைகூட இல்லாத தமிழில், இலக்கமிட்டு எழுதியிருந்தார்கள்.

மனைவி மகளுக்கு ஃபோன் செய்து அவரிடம் கொடுத்தாள். மகளுக்கு ஏற்கெனவே தகவல் வந்திருந்தது. பின்னால் குழந்தைகள் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருக்கும் சத்தம்.

"பரவால்லப்பா" என்றாள். இன்னொரு முறையும் "பரவால்ல" என்றாள்.

மறுநாள் அவர் நகராட்சிக்குப் போனார். மூன்றாவது மாடியில், மேல்முறையீட்டுப் பிரிவில் ஒரு குமாஸ்தா பெண் இருந்தாள். முடிந்தவரை தெளிவாகச் சொன்னார்: அந்த ஐந்து மாடியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், எங்களுக்கு வந்த குறைப்பு எங்களுக்கு வேண்டாம். அவள் கேட்டுவிட்டு இரண்டு விண்ணப்பத் தாள்களை எடுத்தாள், ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை. "நீங்க திட்டத்துக்கு எதிர்ப்பா, ஆதரவா?"

"ரெண்டும்தாம்மா."

அவள் உண்மையாகவே வருத்தப்பட்டாள். பக்கத்து மேசைக்காரரிடம்கூடக் கேட்டுப் பார்த்தாள். "அப்படி ஒரு ஃபாரம் இல்லியே சார்" என்றாள்.

கட்டடம் எழும்பியது. ஐஸ் ஃபேக்டரியை நாலே நாளில் இடித்தார்கள்; அந்தத் தூசியில் பீங்கான் மாவு டப்பாக்களைத் துணியால் மூடி வைக்க வேண்டியிருந்தது. சர்வேயர் ஒவ்வொரு தளமும் வார்க்கும்போது தன் வீட்டு மொட்டைமாடியில் நின்று எண்ணினார், இருபதாவது வந்துவிடாமல் காவல் காப்பதுபோல. அது வரவில்லை. ஒன்றரை வருடத்தில் பத்தொன்பதோடு நின்று, அதற்குச் சாயம் பூசினார்கள். செங்கல் நிறம். காலையில் வெயில் பட்டதும் அந்தச் சுவரிலிருந்து ஒரு இளஞ்சிவப்பு கிளம்பி, மதிலைத் தாண்டி, ஜன்னல் வழியாக மேசைவரை வந்தது. அறை அழகாகக்கூட இருந்தது. முதல் வாரம் அவர் செய்த ஒரு பல் திரும்பி வந்தது. 'சாம்பல் தெரிகிறது' என்று மருத்துவர் எழுதியிருந்தார். அறையின் சிவப்பைக் கழிக்கப் பார்த்து எதிர்ப்பக்கம் போயிருந்தார். அடுத்த மாதம் மூன்று திரும்பின. புதுக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் விற்பனை அலுவலகம் திறந்தார்கள். வாசலில் குடும்பத்தோடு சிரிக்கும் ஒரு பெண்ணின் பெரிய படம். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அவர் கண் தானாக அவள் முன்பற்களுக்குப் போகும். படத்தில் திருத்திய வெள்ளை. அப்படி ஒரு வெள்ளை யார் வாயிலும் கிடையாது.

கடைசியில் பட்டறையைப் பின்னறைக்கு மாற்றுவது என்று முடிவாயிற்று. பின்னறை மேற்குப் பார்த்தது. நல்ல வெளிச்சம் இல்லை, ஆனால் சிவப்பும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். கூப்பிடவில்லை, அம்மா சொல்லியிருப்பாள். அடுத்த மாதம் அவளும் வீடு மாறுகிறாளாம், இன்னும் இரண்டு ஸ்டேஷன் தள்ளி. அதை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லி முடித்துவிட்டாள்.

"நீங்க அந்தப் பக்கம் பிடிங்க. வீடு மாத்தறதுல எனக்குத்தான் அனுபவம் ஜாஸ்தி" என்று சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்தது. இரண்டு வருடத்தில் இருவரும் சேர்ந்து சிரித்தது அதுதான்.

மேசை கனத்தது. அவர் பின்பக்கமாக நடந்து நடைக்குள் போனார், அவள் அறைக்குள்ளிருந்து தள்ளினாள். அறை வாசற்படியில் மேசையின் ஒரு கால் கதவு நிலையில் முட்டியது. சாய்த்தார்கள். மறு பக்கம் முட்டியது. அவள் குனிந்து பார்த்து, "கொஞ்சம் தூக்குங்கப்பா" என்றாள். தூக்கினார். மேல்பலகை நிலையின் நடுவில் போய் இறுகிக்கொண்டது. முன்னாலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை.

"இறக்கிடலாமா?" என்றாள்.

"இறக்கினா கால் ஒடிஞ்சிரும்."

"சரி. அப்படியே பிடிச்சுக்கிட்டிருங்க. யோசிப்போம்."

அவள் முகம் பலகைக்குப் பின்னால் இருந்தது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் விளிம்பைப் பற்றியிருந்த எட்டு விரல்கள்தான், நகக்கண்கள் வெளுத்து. அவர் தன் பக்கத்துப் பாரத்தை இன்னும் கொஞ்சம் தன்மேல் சாய்த்துக்கொண்டார். அந்தப் பக்கம் கனம் குறைந்ததா என்று கேட்கவில்லை. அடுப்படியிலிருந்து மனைவி, "ஆச்சா?" என்று கேட்டாள். இருவரும் மூச்சுவிட்டுக்கொண்டு, பிடித்தபடியே நின்றார்கள்.