ஜூலியட்டின் தாகம்

மந்தைவெளியில் கணக்கு டீச்சராக இருக்கும் ஜூலியட், ஸ்கூட்டர் சறுக்கி விழுந்து தலையில் அடிபட்டதிலிருந்து தண்ணீர் பாட்டிலும் கையுமாக அலைந்தாள். காயம் ஆறியும் தாகம் ஆறவில்லை. குடித்த வேகத்திலேயே பாத்ரூமுக்கு ஓடினாள். பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு அவள் ஓடுவது ஸ்டாஃப் ரூமில் பேச்சானது. டெஸ்ட் எடுத்ததில் சுகரும் இல்லை. விழுந்த பயம்தான் மனதில் தங்கிவிட்டது, தண்ணீரைக் குறைத்துப் பார் என்றான் கணவன் ரொனால்ட்.

குறைத்தாள். மறுநாளே வகுப்பில், எழுதிக்கொண்டிருந்த கணக்கு மறந்து, சுவரைப் பிடித்தபடி சரிந்தாள்.

அடையாறில் ஹார்மோன் டாக்டர் நஸ்ருன்னிசா அவள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். ஒரு பகல் தண்ணீரே கொடுக்காமல் மருத்துவமனையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். ஜூலியட்டுக்கு அழுகை வந்துவிட்டது.

அன்று அவளுக்கு உதடு வெடித்தது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த ரொனால்டும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. உள்ளே சொட்டுத் தண்ணீர் போகாமலே, நிறமில்லாத சிறுநீர் போய்க்கொண்டே இருந்தது. எடை இறங்கியது. அதைப் பார்க்கப் பார்க்க அவன் முகம் வாடியது. மதியத்துக்கு மேல் ஓர் ஊசி போட்டார்கள். அதன் பிறகுதான் சிறுநீர் குறைந்து மஞ்சளானது.

"கிட்னி நல்லாத்தாம்மா இருக்கு," என்றார் டாக்டர். "தண்ணியை வீணா விடாம உடம்புக்கே திருப்பி எடுத்துக்கச் சொல்ற ஹார்மோன், மூளைக்கு அடியில ஒரு சின்னச் சுரப்பியிலேருந்து வரணும். விழுந்த அடியில அது நின்னுபோச்சு. அதைத்தான் ஊசியா போட்டோம்."

"அப்போ என் மனசு பண்ண வேலை இல்லையா டாக்டர்?"

"இல்லவே இல்ல. குடிச்சதாலதான் தப்பிச்சீங்க."

திரும்பும்போது ஆட்டோவில் ரொனால்ட், "நான்தான் குறைக்கச் சொன்னேன், ஜூலி," என்றான்.

கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. "இனிமே நான் சொன்னா நம்புங்க. அது போதும்."

அந்த ஹார்மோனையே மாத்திரையாகக் கொடுத்திருந்தார்கள். தாகமில்லாமல் பழக்கத்துக்குக் குடித்தால் ரத்தத்தில் உப்பு இறங்கிவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்ததால், தானாக நீளும் கையை அடக்கப் பழகினாள்.

மறுவாரம் ஒரு நாள் கண் விழித்தபோது ஜன்னலில் வெயில் ஏறியிருந்தது. இரவில் ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை. பதறிக்கொண்டு வெளியே வந்தாள். ரொனால்ட் பள்ளிக்கு போன் செய்து லீவு சொல்லியிருந்தான்.

"எழுப்ப மனசு வரல," என்றான்.