கழுவிய குடுவை

"ஒரு தடவை உபயோகிச்சுட்டுத் தூக்கிப் போடுற குடுவையை எந்த—"

"சுத்தமாத்தானே அண்ணி கழுவினேன், சோப்பு போட்டு—"

"—எந்த மகராசி கழுவி வைப்பா? அதுவும் குழாய்த் தண்ணியில."

"பளபளன்னு இருந்துச்சு. எறிய மனசு வரலை."

நாத்தனார் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. சேர்த்துவிட்டதே அண்ணிதான். அண்ணியின் கையில் இப்போது ஒரு சின்ன பிளாஸ்டிக் குடுவை கருகி நாறிக்கொண்டிருந்தது. ஈஸ்ட் செல்களையும் அவற்றுக்குள் போக வேண்டிய மரபணுவையும் அதில் ஊற்றி, கண் இமைப்பதற்குள் ஒரு மின்துடிப்பு கொடுக்க வேண்டும். செல்லின் சவ்வில் துளை விழும், மரபணு உள்ளே நுழையும், துளை மூடிக்கொள்ளும். குடுவையில் துளி உப்பு ஒட்டியிருந்தாலும் பொறி பறந்து எல்லாம் வெந்துவிடும்.

வெந்துவிட்டது.

மரபணு இன்னும் ஒரே ஒரு முறைக்குத்தான் மிச்சம். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் முளைத்த ஈஸ்டைக் காட்டாவிட்டால் அண்ணிக்கு வேலை நீட்டிப்பு கிடையாது. முளைக்க மூன்று நாள் வேண்டும். இன்று செவ்வாய்.

"புதுசா வாங்கிட்டு வரட்டுமா?"

"தெருமுனையில விக்குதாக்கும். சொல்லி வச்சாலே பத்து நாள் ஆகும்."

"அப்ப நல்ல தண்ணியில அலசித் தரேன்."

"நீ அலசி அது காயறதுக்குள்ள இதுங்க செத்துடும்." பனிக்கட்டியில் புதைத்திருந்த செல்களைக் காட்டினாள். மேஜை மேலிருந்த பெட்டியில் ஆறு குடுவைகள் இருந்தன. ஆறும் ஒன்றுபோலவே மின்னின. "இதுல நீ கழுவாத புதுசு எது?"

"இந்த ஓரத்து மூணும்."

"நிச்சயமா?"

"அண்ணன் மேல சத்தியமா."

"உங்க அண்ணனை விடு. அந்த மனுஷன் மேல பண்ணின சத்தியம் எதுவும் நின்னதில்லை. நீயே தனியா வச்சியா?"

"நானேதான் வச்சேன்."

அண்ணி ஓரத்துக் குடுவையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். பார்த்துத் தெரிவதில்லை. செல்களையும் மிச்ச மரபணுவையும் அதில் ஊற்றும்போது உறிஞ்சுகுழாயின் நுனி இரண்டு முறை விளிம்பில் இடித்தது. குடுவையைக் கருவியில் செருகினாள். மூடியைச் சாத்தி, பொத்தானை அழுத்திப் பிடித்தாள். உள்ளே மின்சாரம் ஏறும் மெல்லிய ரீங்காரம் எழுந்தது.

நாத்தனார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணி, நேத்து சாயங்காலம் அந்தப் பெட்டி கை தவறிக் கொட்டிடுச்சு. நான்தான் கைக்கு வந்தபடி பொறுக்கி அடுக்கினேன்."