கழற்றிய ஒயர்

“சீட்டை யாரு இவ்வளவு முன்னாடி தள்ளி வச்சது? முட்டி இடிக்குது” என்றபடி கொழுந்தன் காருக்குள் தன்னை மடித்துத் திணித்துக்கொண்டு சாவியைத் திருப்பினார். இன்ஜின் நன்றாகவே சுற்றியது. சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பற்றிக்கொள்ளவில்லை.

அவள் வாசற்படியில் நின்றிருந்தாள். காலையில் பிடித்த தூறல் இன்னும் விடவில்லை. உள்ளே கூடத்தில் அவள் கணவர் வெள்ளை விரிப்பின்மேல் கிடந்தார். நேற்று மதியம் சாப்பிட்டுவிட்டு, “கொஞ்ச நேரம் கண்ணை மூடறேன்” என்று படுத்தவர். அவரை எடுத்துப் போக பத்து மணிக்கு வேன் வரும். கேட்டுக்கும் படிக்கும் நடுவே அடைத்துக்கொண்டு நிற்கும் இந்தக் காரை எடுத்தால்தான் அது உள்ளே வர முடியும்.

“நாலு பேரு சேர்ந்து தள்ளிடலாமே” என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

“தள்றதா?” கொழுந்தன் தலையை வெளியே நீட்டினார். “டீசல் வண்டிப் பட்டறையே கதின்னு கிடந்த மனுஷன் சார் எங்க அண்ணன். அவர் வண்டியை, அவர் போற அன்னிக்கு, தம்பிக்காரன் தள்ளிக்கிட்டுப் போனான்னா அப்புறம் எவன் என்னை நம்பி வண்டி விடுவான்?” சிரிக்கப் பார்த்தார். கண்கள் சிவந்து வீங்கியிருந்தன.

“தள்ளிடுங்களேன் தம்பி” என்றாள் அவள்.

“நீங்க உள்ள போய் உக்காருங்க அண்ணி. இதோ, பத்து நிமிஷம்.”

அவளால் உள்ளே போக முடியவில்லை. கார் ஏன் பற்றவில்லை என்பது அவளுக்குத் தெரியும். நான்கு மாதமாகத் தெரியும்.

இரண்டு முறை கணவருக்கு மயக்கம் வந்தது. முதல் முறை குளியலறையில். இரண்டாவது முறை ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தபோது. கார் தானாக ஊர்ந்துபோய் ஒரு மதிலில் சாய்ந்து நின்றது. இனி வண்டி ஓட்டவே கூடாது என்றார் டாக்டர். அதற்குச் சமர்த்தாகத் தலையாட்டிவிட்டு மறுநாளே சாவியோடு கிளம்பினார். சாவியை ஒளித்து வைத்தாள். டூல்ஸ் பெட்டியிலிருந்து இன்னொரு சாவி வந்தது. “உங்க இளையாளைப் பாக்காம ஒரு நாள் இருக்க முடியாதா?” என்று கத்தினாள். காரை அவள் இளையாள் என்றுதான் சொல்வாள். “அவ உன்னை மாதிரி கத்த மாட்டா” என்றார் அவர்.

அன்று மதியம் அவர் தூங்கும்போது அவள் பானெட்டைத் தூக்கினாள். பட்டறை விஷயம் பேசாமல் அவருக்குச் சோறு இறங்காது. கேட்டுக் கேட்டு அவளுக்கும் பாதி வேலை தெரியும். ‘இத்தனை பெரிய இன்ஜின். பம்ப் தலையில இருக்கற சுண்டுவிரல் ஒயர்ல கரண்ட் வரலைன்னா ஒரு சொட்டு டீசல் உள்ள போகாது பாத்துக்கோ’ என்று என்றோ ஒருநாள் சொல்லியிருந்தார். தேடிப் பிடித்து அந்த ஒயரை இழுத்துவிட்டாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் படுத்தும் தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலையில் அவர் கூப்பிட்டார். “இந்தா, கொஞ்சம் வாயேன். நீ சாவியைத் திருப்பு, நான் பாக்கறேன்.” கால் எட்டாமல் அவள் தவித்ததைப் பார்த்து சீட்டை முன்னால் தள்ளிக் கொடுத்தார். ஸ்டியரிங்குக்கு எதிரே அவள் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. அன்றிலிருந்து தினமும் அதே வேலை. ஒருநாள் டீசல் குழாயில் காற்று பிடித்திருக்கிறது என்பார். ஒருநாள் ஃபில்டரில் தண்ணீர். ஒரு வாரம் முழுக்க ஹீட்டர் பிளக்கின்மேல் சந்தேகம். பேட்டரி இறங்கிவிடக் கூடாதென்று ஞாயிறுதோறும் கழற்றிச் சார்ஜ் போடுவார். பானெட் விளிம்பில் இரண்டு டம்ளர் டீ ஆறிக்கொண்டிருக்கும். கடைசியில் கையைத் துடைத்தபடி ஒரே வார்த்தை: “நாளைக்குப் பாக்கலாம்.”

முதலில் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. பிறகு பயம் வந்தது. தெருவில் போகிற வண்டியின் சத்தத்தை வைத்தே எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று சொல்கிற மனுஷன். கண்ணெதிரே தொங்குகிற ஒயர் தெரியவில்லையா? நோய் மூளைக்கும் ஏறிவிட்டதா? சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை வாயெடுத்தாள். ‘இதுகூடத் தெரியலையா உங்களுக்கு’ என்று சொன்னதுபோல ஆகிவிடுமே என்று நிறுத்திக்கொண்டாள். இப்போது சொல்வதற்கு ஆளில்லை. தன் கைக்கு வேலை மறந்துபோய்விட்டது என்ற நினைப்போடேயே போய்விட்டார்.

“பேட்டரி கல்லு மாதிரி இருக்கு” என்று கொழுந்தன் இறங்கினார். அவள் மகள் அவர் தலைக்குக் குடை பிடித்தாள். ஃபில்டர் மேலிருந்த கைப்பம்பை நான்கு முறை அழுத்தினார். “இறுக்கமா இருக்கு. காத்து இல்ல. டீசல் இதுவரைக்கும் வருது.” மகளிடமிருந்து குடையை வாங்கிக்கொண்டார். “நீ பின்னால போய் சைலன்சர்கிட்ட நில்லும்மா. புகை வருதான்னு பாரு.”

மறுபடி சாவி. மறுபடி இன்ஜின் வெறுமனே சுற்றியது.

“ஒண்ணும் வரல சித்தப்பா.”

“வெள்ளையா, லேசாக்கூட?”

“இல்லவே இல்ல.”

“அப்போ உள்ள டீசல் போகவே இல்ல.” சாவியைப் பாதி திருப்பி வைத்துவிட்டுப் பம்புக்குக் காதைக் கொடுத்தார். “டிக்குனு ஒரு சத்தம் வரணும். வரலையே.” செல்போன் வெளிச்சத்தை உள்ளே பிடித்தார்.

அவள் படியிலிருந்து இறங்கினாள். தூறல் தலையில் விழுந்தது.

கொழுந்தன் வெகுநேரம் குனிந்தே இருந்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் குழப்பம் இருந்தது. “அண்ணி, இதை அண்ணனே கழட்டி வச்சிருக்கார்.”

“அவர் இல்ல.” அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னாள். “அவர் இல்ல தம்பி. நான்தான் கழட்டினேன். அவர் ஓட்டிட்டுப் போயிடக் கூடாதுன்னு.”

“அம்மா!” என்றாள் மகள்.

“நீங்களா? சரி. ஆனா இந்த டேப்பு?”

“எந்த டேப்பு?”

“ஒயர் முனையில சுத்தியிருக்கே.”

“நான் டேப்பெல்லாம் சுத்தல. இழுத்தேன், அப்படியே விட்டுட்டேன்.”

கொழுந்தன் அவளை அருகே வரச் சொன்னார். வெளிச்சத்தில் அந்த ஒயர் ஓரமாக மடித்து ஒதுக்கப்பட்டிருந்தது. செம்பு முனையைச் சுற்றிக் கறுப்பு டேப், மூன்று சுற்று, ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல். கடைசி நுனி மட்டும் ஒட்டாமல் சின்னதாக மடக்கி விடப்பட்டிருந்தது, அடுத்த முறை பிரிப்பவருக்கு நகம் வலிக்காமல் இருக்க.

“நுனியை இப்படி மடக்கி விடறவர் எனக்குத் தெரிஞ்சு ஒருத்தர்தான்” என்றார் கொழுந்தன். “கழட்டின ஒயர் முனை இரும்புல பட்டா ஷார்ட் ஆயிடும், பக்கத்துல இருக்கறவங்களுக்கு ஆபத்து. அதான் சுத்தியிருக்கார். இப்ப சுத்தினது இல்ல இது. மேல எவ்வளவு தூசி படிஞ்சிருக்கு பாருங்க. நீங்க கழட்டின ரெண்டு நாள்ல பாத்திருப்பார்.”

அவள் அந்தத் தூசியை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“நான் வந்து பாக்கறேன்னு ரெண்டு தடவை சொன்னேன் அண்ணி. வண்டியைத் தொடவே விடல. ‘காலைல பத்து மணிக்கு முன்னால ஃபோன் பண்ணி உயிரை வாங்காதே, அப்ப நானும் உங்க அண்ணியும் வண்டி பாத்துட்டிருப்போம்’னார். என்னடா இது, அண்ணிக்கு எதுக்கு இந்த வேலைன்னு நினைச்சேன்.”

தூறல் குடைத்துணியில் பொரிந்தது. அவள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். “திருட்டு மனுஷன்” என்றாள் உள்ளுக்குள். தோள்கள் குலுங்கின. மகள் ஓடிவந்து பிடித்துக்கொண்டு, “அழாதம்மா” என்றாள். அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

கொழுந்தன் டேப்பைப் பிரிக்கவில்லை. காத்திருந்தார். அவளே கை நீட்டி, அந்த மடக்கிய நுனியைப் பிடித்து இழுத்தாள். மூன்று சுற்றும் சிரமமில்லாமல் கழன்று வந்தன. ஒயரை அவர் பம்பின் தலையில் சொருகினார்.

“ஏறி உக்காருங்க அண்ணி. நீங்களே செல்ஃப் அடிங்க.”

சீட் அவளுக்குச் சரியாக இருந்தது. சாவியைப் பாதி திருப்பினாள். ஹீட்டரின் மஞ்சள் விளக்கு எரிந்தது. அது அணையும்வரை, யாரும் சொல்லாமலேயே, கையை அசைக்காமல் இருந்தாள். பிறகு முழுக்கத் திருப்பினாள்.

இரண்டாவது முயற்சியில் இன்ஜின் இருமியது, மூன்றாவதில் பற்றிக்கொண்டது. தடதடவென்று காரே உதறியது. “புகை வருது சித்தப்பா!” என்று பின்னாலிருந்து மகள் கத்தினாள். கத்திவிட்டு, கூடத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். உள்ளேயிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

அவள் இறங்கிக்கொண்டாள். கொழுந்தன் முட்டியை மடக்கி ஏறி, மெல்லப் பின்னால் எடுத்து, கேட்டைத் தாண்டித் தெருவோரம் நிறுத்தினார். இன்ஜினை அணைக்கவில்லை.

வேன் வந்துவிட்டிருந்தது. டிரைவர் கண்ணாடியை இறக்கினார். “உள்ள கொண்டு வரலாங்களாம்மா?”

தரை முழுக்க நனைந்து கறுத்திருந்தது. கார் நின்ற இடம் மட்டும் வெளுத்து, ஒரு கட்டில் அகலத்துக்குக் காய்ந்து கிடந்தது. அதன் நடுவில் முதல் துளி விழுந்தது. தள்ளி இன்னொன்று.

“கொஞ்சம் இருங்க” என்றாள். குடைக்குள் வராமல், அது நனைவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.