காற்புள்ளிக்கு முன்னால்

பட்டியலில் முத்திருளன் என்ற நோயாளியின் பெயருக்கு நேரே, 'ஒவ்வாத மருந்து' கட்டத்தில், எழுத்து காற்புள்ளியில் தொடங்கியிருந்தது: ', சல்ஃபா'. அதற்கு முன்னால் ஏதோ இருந்திருக்க வேண்டும். தேவிகா மூலக் கோப்பைத் திறந்து தேடினாள். 'பெனிசிலின், சல்ஃபா' என்றிருந்தது.

ஆஸ்பத்திரியின் நோயாளிப் பட்டியலைத் தயாரிக்க அவள் எழுதிய நிரல் அந்த எக்ஸ்எம்எல் கோப்பை மொத்தமாகப் படிப்பதில்லை. கோப்பு ஓட ஓட, அதை வாசிக்கும் பார்சர் அவள் நிரலைக் கூப்பிடும்: கட்டத்தைக் குறிக்கும் டேக் திறந்தது, எழுத்து வந்தது, டேக் மூடியது. ஒவ்வொரு கூப்பிடலுக்கும் என்ன செய்வது என்பதைத்தான் ஹேண்ட்லர்களாக எழுதியிருந்தாள். எழுத்து வந்தால் வாங்கி வை. டேக் மூடினால் பதிவு செய். பத்துப் பேர் விவரம் கொண்ட சின்னக் கோப்பில் சோதித்தபோது ஒரு பிசகும் இல்லை. பெரிய கோப்பைப் பார்சர் துண்டு துண்டாக வாங்கும், துண்டு ஒரு கட்டத்தின் நடுவில் முடிந்தால் அதே கட்டத்துக்கு இரண்டு முறை கூப்பிடும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. இரண்டாவதாக வந்ததை முதலாவதோடு ஒட்டாமல், அதை அழித்து எழுதியிருந்தாள்.

காலையிலேயே இந்தப் பட்டியல் ஆஸ்பத்திரி வார்டுகளில் அச்சாகிவிட்டது. பழைய கேஸ்ஷீட்டுகளை மூட்டை கட்டி ஸ்டோருக்கு அனுப்பிவிட்டார்கள்.

"ஹேண்ட்லரை மாத்தி திரும்ப ஏத்திரு. எவனுக்குத் தெரியப் போகுது?" என்றார் முதலாளி விஜய்ஆனந்த்.

"வார்டுல பேப்பர் இருக்கே சார்."

"ஏம்மா, சாயங்காலம் ஆஸ்பத்திரிக்காரங்க ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட வாராங்க. இப்பப் போயி தப்புப் பண்ணிட்டோம்னு ஒப்பாரி வச்சா, ஷட்டரை இறக்கிட்டு நான் சொந்த ஊரு பேரையூருக்கு பஸ் ஏற வேண்டியதுதான். நீயும் வேற வேலை பாத்துக்க."

மேசைப் போனின் மேல் அவர் கை இருந்தது. அவள் எழுந்து படியிறங்கினாள். கீழே ஜெராக்ஸ் கடையை ஒட்டிய எஸ்.டி.டி. பூத்தில் ஆள் இல்லை. மூன்றாவது முறைதான் வார்டு லைன் கிடைத்தது. சனோபர் என்ற நர்ஸ் எடுத்தாள்.

"முத்திருளனா? ஜன்னலோரப் பெட்டு. காய்ச்சல் இறங்கலன்னு டாக்டர் இப்பத்தான் ஊசி எழுதுனாரு. தங்கப்பொண்ணு சிஸ்டர் போடப் போயிருக்காங்க."

"என்ன ஊசி சிஸ்டர்? அவருக்குப் பெனிசிலின் ஆகாது. எங்க லிஸ்ட் தப்பு."

"யா அல்லா!"

ரிசீவர் மேசையில் விழுந்தது. "அக்கா, போடாதீங்க! நில்லுங்க!" என்ற குரலும் செருப்புச் சத்தமும் தேய்ந்துகொண்டே போயின. பிறகு ஃபேன் ஓடும் சத்தம், யாரோ இருமுவது, ஒரு டிராலி உருளுவது. தேவிகா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள். பூத்தின் கண்ணாடிக்கு வெளியே விஜய்ஆனந்த் வந்து நின்றார். கதவைத் தட்டக் கையை உயர்த்தியவர், அவள் முகத்தைப் பார்த்ததும் தட்டாமல் அப்படியே நின்றார்.