என் மனைவியா இருந்தா

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், மருத்துவ உலகம் ஒரு மாமருந்தைக் கண்டுபிடித்துவிட்டது. மாத்திரையில்லை, ஊசியில்லை, ஒரே ஒரு வாக்கியம். மூன்றாம் மாடிப் பெரிய டாக்டர் அதை எப்போதும் கைவசம் வைத்திருந்தார்.

தையல்காரருக்கு அது ஒரு செவ்வாய்க்கிழமை கொடுக்கப்பட்டது. மனைவிக்கு வயிற்றில் கட்டி, ஈரல்வரை பரவியிருந்தது. ஆபரேஷன் செய்யாவிட்டால் ஐந்தாறு மாதம். செய்தால் எத்தனை நாள் என்று சொல்ல முடியாது. இதை டாக்டர் ரயில் நேரம் படிப்பதுபோல் வேகமாகச் சொல்லி முடித்தார்.

“முடிவு நீங்கதான் எடுக்கணும்” என்றார் பெருந்தன்மையாக. பிறகு கண்ணாடியைக் கழற்றினார், குரலைத் தாழ்த்தினார். “ஆனா என் மனைவியா இருந்தா, நாளைக்கே ஆபரேஷன்தான்.”

தையல்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு பெரிய மனிதர், சொந்த வீட்டுக்காரியையே நடுவில் வைத்துப் பேசுகிறாரே!

கட்டிலில் இருந்தவள் ஆஸ்பத்திரி அங்கியின் ஓரத்தைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடையில் இவர் துணி வெட்டுவார், அவள் பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பாள், இருபத்தேழு வருஷம்.

“எவன் தச்சானோ, ஒரு பக்கமா இழுக்குது” என்றாள். “ஏங்க, வீட்டுக்குப் போயிடலாம். ஜன்னல் பக்கம் உக்காந்து முடிஞ்சவரைக்கும் காஜா போடுறேன்.”

“டாக்டரே தன் சம்சாரமா நெனச்சுச் சொல்றாருடி.”

“நல்லா நெனச்சாரு போ. நான் அவரு பொண்டாட்டியா, உங்க பொண்டாட்டியா?”

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. படித்தவர் சொன்னதை மறுத்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. அன்று சாயங்காலம்வரை அந்த வாக்கியத்தையே திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசியில் அவள், “சரி, உங்க திருப்திக்கு” என்று பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

ஆபரேஷன் முடிந்து பதினோரு நாள் ஐசியூ. வாயில் குழாய், பேச்சில்லை. ஒருநாள் மட்டும் கை நீட்டி, அவர் சட்டையின் மூன்றாவது பொத்தானைத் திருகிப் பார்த்தாள். நூல் தளர்ந்திருந்தது. முகத்தைச் சுளித்தாள். அதுதான் அவர்களுடைய கடைசிப் பேச்சு.

பன்னிரண்டாம் நாள், காகிதங்களை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது அவர் நர்ஸிடம் தயங்கி நின்றார்.

“டாக்டரோட வீட்டம்மா நல்லா இருக்காங்களாம்மா? அவங்கள நெனச்சுத்தான் அவ்வளவு தூரம் சொன்னாரு. அவங்களுக்காவது இப்படி ஒண்ணும் வரக்கூடாது.”

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள்.

“எந்த வீட்டம்மாண்ணே? டாக்டருக்குக் கல்யாணமே ஆகலையே.”