என் பெயரை எழுதாதீர்கள்

மேயர் வேலை எனக்குப் புளித்துப்போய் வருஷக்கணக்காகிறது. ரோட்டில் மரம் விழுந்தாலும், பக்கத்து வீட்டுச் சேவல் நேரங்கெட்ட நேரத்தில் கூவினாலும் என் வீட்டு போன்தான் அடிக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமைத் தேர்தலோடு சரி, போனைப் பிடுங்கிப் போட்டுவிடுகிறேன் என்று என் மனைவி ஒதிலுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். மாடுகளை விற்றுவிட்டு, கடலோரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. ஒதில் துணிமணியைக்கூடப் பெட்டியில் அடுக்கிவிட்டாள்.

ஆனால் எங்கள் ஊர் மாதிரிச் சின்ன ஊர்களில் நிற்காதவன்கூட ஜெயித்துவிடலாம். ஓட்டுச் சீட்டில் அச்சடித்த பெயரை அடித்துவிட்டு யார் பெயரை எழுதிப் போட்டாலும் செல்லும். இவர்களை நம்ப முடியாது. அதனால் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவைத்தேன்.

"எம் பேரை எழுதிடாதீங்கப்பா. என்னால முடியலை."

"எழுதலைய்யா. இதைச் சொல்ற சாக்குல வீட்டுக்கு வீடு ஓசிச் சாராயம் போகுது பாரு உனக்கு," என்றான் பக்கத்துப் பண்ணை லுசியேன், என் கிளாஸை நிரப்பிக்கொண்டே.

ஞாயிறு மாலை ஓட்டுப் பெட்டியைத் திறந்தோம். லுசியேன் சீட்டுகளைப் பிரித்து வாசித்தான். முதல் சீட்டில் ஒரு பெயரை அடித்துவிட்டுப் பேனாவால் எழுதியிருந்தது: ஒதில். அடுத்ததிலும் ஒதில். அதற்கடுத்ததிலும். பின்பெஞ்சில் என்னைக் கூட்டிப்போகக் காத்திருந்த ஒதில் தலை நிமிரவில்லை.

முடிவை அறிவிக்க வேண்டியவன் நான். எல்லாரையும்விட அதிக ஓட்டு என் பெண்டாட்டிக்கு. ஜெயித்தவர்களெல்லாம் அடுத்த வாரம் கவுன்சிலாகக் கூடி யாரை மேயராக்குவார்கள் என்று ஜோசியம் பார்க்கத் தேவையில்லை.

"என்னய்யா பண்ணி வெச்சிருக்கீங்க?"

"நீ சொன்னபடிதான் செஞ்சோம். உன் பேரு ஒரு சீட்டுலயாவது இருக்கா?" என்றான் லுசியேன். "நீ மாட்டுக்கொட்டகையில கெடப்பே. இத்தனை வருஷம் நாங்க குறையைச் சொன்னதெல்லாம் ஒதில்கிட்டதானே?"

ஒதிலுக்கும் முடியவில்லை என்று நான் ஒரு வீட்டில்கூடச் சொல்லவில்லை. எனக்குத் தோன்றவே இல்லை.

வண்டியில் வரும்போது, "வேணாம்னு சொல்லிடு," என்றேன்.

"அப்புறம் யாரு பாத்துக்குவா?" என்றாள். "நீங்களா?"

வீடு வந்து சேர்ந்தோம். கதவைத் திறக்கும்போதே உள்ளே போன் அடித்துக்கொண்டிருந்தது. நான் வயரைப் பிடுங்கப் போனேன். அதற்குள் எடுத்துவிட்டாள்.

"கல்லறைப் பக்கம் ஓடை அடைச்சு ரோட்டுல தண்ணி போகுதாம்," என்றாள், போனை வைத்துவிட்டு. "பூட்ஸைக் கழட்டாதீங்க."

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வாசலில் திரும்பிப் பார்த்தேன். மேலங்கியைக்கூடக் கழற்றாமல், அடுக்கி வைத்த பெட்டி மேலேயே உட்கார்ந்திருந்தாள். போன் மறுபடி அடித்தது.