மாமியாருக்கு ஒரு பாட்டில்

பல் செட் செய்வதில் அவன் கெட்டிக்காரன். குடி விஷயத்தில் சுத்த சூனியம். தன் கல்யாணத்தன்று யாரோ நீட்டிய பியரைக்கூட நைசாகப் பூந்தொட்டியில் ஊற்றியவன். அப்படிப்பட்டவன் ஐரிஷ் விஸ்கி வாங்கக் கிளம்பியதற்குக் காரணம் அவன் மாமியார்.

அந்த அம்மாள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். வேலைக்காலம் முழுக்க உயரத்தில் உட்கார்ந்து மனிதர்களை எறும்பாகப் பார்த்த பார்வை, தரைக்கு இறங்கினாலும் மாறுவதில்லை. அன்று அவருக்குப் பணி ஓய்வு விருந்து. அம்மா ஐரிஷ்தான் குடிப்பார், ஸ்காட்ச்சை வாங்கி வந்து மானத்தை வாங்காதே என்று மனைவி எச்சரித்திருந்தாள்.

கடைக்காரப் பெண் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பிடிச்ச மாமியாரா, பிடிக்காத மாமியாரா?"

"பயப்படற மாமியார்."

அவள் பரிதாபப்பட்டு, சுவை பார்க்க மூன்று குட்டிக் கண்ணாடிக் குவளைகளில் ஊற்றினாள். முதலாவது பல வகை விஸ்கியைக் கலந்தது, லேசாக இருக்கும் என்றாள். அவனுக்கு அது நெயில் பாலிஷ் மாதிரி இருந்தது. இரண்டாவது, முளைகட்டிய பார்லியில் மட்டும் செய்தது. அது சூடான நெயில் பாலிஷ். மூன்றாவதில் முளைகட்டிய பார்லியும் கட்டாததும் சேர்த்து, செப்புக் கொப்பரையில் மூன்று முறை வடித்திருந்தார்கள். அதில் கிராம்பு வாசனை வந்தது. கிராம்புத் தைலத்தோடு தினமும் குடித்தனம் நடத்துகிறவனுக்குச் சொந்தக்காரனைப் பார்த்தது போல இருந்தது. சந்தேகம் தீர இன்னொரு முறை கேட்டான். அதற்கப்புறமும் சந்தேகம் தீரவில்லை.

பிறகு யாரும் கேட்காமலே மாமியாருக்குப் போன் போட்டான்.

"அத்தை, கல்யாணமான நாள்லேர்ந்து உங்களைக் கண்டா எனக்குத் தொடை நடுங்குது. இதை இன்னைக்குச் சொல்லிடணும்னு தோணுச்சு."



"எங்க இருக்கீங்க மாப்பிள்ளை? அங்கேயே உட்காருங்க. எதையும் தொடாதீங்க."

வந்தார். நாற்காலியில் சாய்ந்து கிடந்த மாப்பிள்ளையைப் பார்த்தார். மூன்று வகையையும் தனக்கும் ஊற்றச் சொல்லி, மூன்றுக்கும் ஒரே மாதிரி முகத்தைச் சுளித்தார்.

"பிடிக்கலையா அத்தை?"

"எனக்கு எந்த விஸ்கியும் பிடிக்காது. துறைமுகத்துல ஆம்பளைங்க எல்லாம் ஸ்காட்ச், ஸ்காட்ச்னு அலட்டிக்கிட்டாங்க. சும்மா இருக்க முடியாம, நான் ஐரிஷ்தான் குடிப்பேன்னு வாய விட்டுட்டேன். அப்புறம் எந்த மூஞ்சியோட மாத்திச் சொல்றது?"

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். நிஜமாகவே நாற்காலியிலிருந்து விழுந்தான். அவர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். கிராம்பு வாசனைக்காரனையே வாங்கிக்கொண்டார்கள்.

மாலை விருந்தில் மாமியார் செப்புக் கொப்பரை, முளைகட்டாத பார்லி என்று கூட வேலை பார்த்தவர்களுக்குப் பிரசங்கமே செய்தார். மாப்பிள்ளை பார்த்துப் பார்த்து வாங்கியது என்று இரண்டு தடவை சொன்னார். தன் குவளையை உதட்டில் ஒற்றி எடுத்ததோடு சரி. மற்றவர்கள் பாட்டிலைக் காலி செய்தார்கள்.

கிளம்பும்போது அவன் தோளைத் தட்டி, "தலை வலிச்சா எனக்குப் போன் பண்ணுடா" என்றார்.

மனைவி காரில் ஏறியதும் முதல் வேலையாக அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க அம்மா உன்னை எப்பலேர்ந்து 'டா' போட ஆரம்பிச்சாங்க?"

அவன் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிப் போயிருந்தான்.